"கொத்து ரொட்டியில் மாத்திரை" என்று யாராவது சொன்னால்

முஸ்லிம்கள் மீதான தப்பெண்ணம் இலங்கை மலையகத்தில் பெரும்பாலும் வசையாக வருவதில்லை. ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த குரலில், "அவங்க கடையில சாப்பிடாதீங்க, கருத்தடை மாத்திரை கலக்கிறாங்க" என்று சொல்லும் எச்சரிக்கையாகவே வருகிறது. ஒருவர் செய்த தவறு "அவங்களே இப்படித்தான்" என்று பன்மைக்கு மாறும் இடத்தைக் கவனியுங்கள். நிறை குறைத்துக் கொடுக்கும் நம்மவரை நாம் பெயர் சொல்லித்தான் திட்டுகிறோம்.

வதந்தியென்றால் "யார் பார்த்தது, எந்தக் கடை?" என்று கேளுங்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் குழம்பில் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். அரச பகுப்பாய்வில் அது மாவு என்று தெரிந்தது. அடுத்த மாதமே, ஒரு லொறிச் சாரதியின் மரணத்தைச் சாட்டாக வைத்து, கண்டிக்கு அருகே திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன.

இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து மாமா முஸ்லிம்களைத் "தொப்பி பிரட்டி" என்று இழிவாகச் சொன்னால், "அந்தச் சொல் வேணாம் மாமா" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். சபையில் அவமானப்படுத்தினால் பிடிவாதம்தான் வளரும். ("கள்ளத்தோணி", அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்கள், என்ற வசையைக் கேட்டு வளர்ந்த மலையகத் தமிழரான நமக்கு இந்த வலி புதிதல்ல.)

ஹபாயா (முஸ்லிம் பெண்களின் நீண்ட அங்கி) அணிந்தவரைக் கடை வாசலில் யாரேனும் மறித்தால், மறித்தவரோடு மல்லுக்கு நிற்காமல் முதலில் அந்தப் பெண்ணின் அருகே நின்று, என்ன உதவி வேண்டுமென்று கேளுங்கள். சமயத்தின் பேரில் கடைகளில் அனுமதி மறுப்பதை இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தடுக்கிறது. அது நடந்த திகதியையும் நேரத்தையும் அன்றே எழுதி வையுங்கள்.