டிராக்கிலிருந்து திரும்பிய காரில் புதுச் சத்தமா? ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டுங்கள்

பந்தய டிராக்கில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சத்தம் காதில் விழும். ஹெல்மெட்டுக்குள் கேட்காமல் போனது, கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகச் செல்லும்போது தெளிவாகக் கேட்கும். எனக்கு முதன்முறை இப்படி நேர்ந்தபோது, தாழ்ந்த குரலில் வந்த அந்த உறுமலைக் கேட்டவுடன் வீல் பேரிங் (சக்கரம் உரசாமல் சுழல உதவும் தாங்கி) போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். மெக்கானிக்கும் தலையாட்டினார். முன்பக்கத்து பேரிங்குகள் இரண்டையும் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் பின் டயரைக் கையால் தடவிப் பார்த்தேன். உள் விளிம்பு ரம்பப் பல்லைப் போலத் தேய்ந்திருந்தது. இரண்டு நிமிட வேலை. ஒரு பைசா செலவில்லை. அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

கீழே உள்ள வரிசை அந்த அனுபவத்துக்குப் பின் நான் கடைப்பிடிப்பது. இதன் அடிப்படை ஒரே கேள்விதான்: சத்தம் எதன் பின்னால் போகிறது? சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா, எஞ்சினின் சுழற்சியோடா, அல்லது ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் விடுவதுமான சுமையோடா?

முதல் படி: நின்ற இடத்திலேயே பாருங்கள்

கார் நன்றாக ஆறிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். பல பயணிகள் கார்களுக்கு இந்த இறுக்க அளவு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் காருக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கிறது. ஒரு நட்டாவது தளர்ந்திருந்தால் சத்தத்துக்கான காரணம் அதுவாகவே இருக்கலாம். தளர்ந்த நட்டோடு ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

அடுத்தது டயர். டிராக்குக்காகக் குறைத்த காற்றழுத்தத்தைச் சாலைக்குரிய அளவுக்குத் திரும்ப ஏற்றிவிட்டீர்களா? பிறகு உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பை ஒரு திசையிலும், பிறகு எதிர்த் திசையிலும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கையைக் குத்துவதாகவும் இருந்தால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது. சக்கரக் கோண அளவுகளை (வீல் அலைன்மென்ட்) சரிபார்க்க வேண்டும். பிரேக் பூட்டிக்கொண்டு சறுக்கியிருந்தால் ஓரிடம் மட்டும் தட்டையாகி இருக்கும். தேய்ந்து உள்ளிருக்கும் இழை தெரிந்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு டயரை மாற்றுங்கள்.

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. டிராக்கின் ஓரங்களில் மற்ற கார்களின் டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கும். சூடேறிப் பிசுபிசுத்த உங்கள் டயர் அவற்றை அள்ளி ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் அவை கொப்புளங்களைப் போல இறுகி, காரே குலுங்கும்படி உறுமும். சாலையில் சில பத்து கிலோமீட்டர் ஓடினால் தேய்ந்து உதிர்ந்துவிடும். ஆகவே டயரில் இப்படி ஒட்டியிருப்பதைப் பார்த்தால், அது போகும்வரை வேறு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டையும் எட்டிப் பாருங்கள். தடத்தை விட்டு மண்ணில் இறங்கியிருந்தால் ஒரு சிறு கல் அங்கே சிக்கிக்கொண்டு ஊரையே எழுப்பும் அளவுக்குக் கிறீச்சிடும். பிரேக் பேட்டின் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) தடிமனையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டாம் படி: சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

இந்த வேலையில் தமிழ் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. 'டப் டப்' என்று சீராக அடிக்கிறதா? 'கொரகொர' என்கிறதா? 'நறநற' என்று அரைக்கிறதா? 'டக் டக்' என்று சொடுக்குகிறதா? அல்லது சங்கு ஊதுவதைப் போன்ற ஊளையா? எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பதோடு சேர்த்துத் தாளில் எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள், மூன்றாவது சோதனைக்குள் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்கத் தொடங்கிவிடும்.

மூன்றாம் படி: ஓட்டிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. வெறிச்சோடிய நேரான சாலை வேண்டும். குறிப்பெடுக்க ஒருவர் உடன் வந்தால் நல்லது. ஸ்டீயரிங் நடுங்கினாலோ, தட்டும் சத்தம் நொடிக்கு நொடி வலுத்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

சத்தம் வரும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சுழற்சி மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் எஞ்சினும் கிளட்ச்சும் பட்டியலிலிருந்து விலகுகின்றன. டயர், வீல் பேரிங், பிரேக், ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), டிஃபரென்ஷியல் (எஞ்சினின் விசையை இருபக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுப்பு) ஆகியவை மிஞ்சுகின்றன.

இப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தி, பிறகு முழுதாக விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கினால் டிஃபரென்ஷியலின் பற்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். எதிர்மாறாக, விடும்போது மட்டும் வந்தாலும் அதே இடம்தான். டயருக்கும் வீல் பேரிங்குக்கும் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

அடுத்து, மிதமான வேகத்தில் காரை இடமும் வலமுமாக மெல்ல வளைத்து ஓட்டுங்கள். வலப்பக்கம் திருப்பினால் எடை இடப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் ஓங்கினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது ஓங்கினால் வலப்பக்க பேரிங். டிராக்கில் பேரிங் கெடுவதில் வியப்பில்லை. ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டுச் சுமையைத் தாங்குகிறது. பிரேக் டிஸ்க்கின் கொதிப்பும் அதனிடம்தான் வந்து சேர்கிறது. உள்ளிருக்கும் கிரீஸ் எத்தனை நாள்தான் பொறுக்கும்?

ஆனால் தேய்ந்த டயரும் வளைக்கும்போது சற்றுக் குரல் மாற்றும். நான் ஏமாந்தது அங்கேதான். இரண்டையும் பிரித்துச் சொல்வது சாலையின் பரப்பு. சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான தார்ச்சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குரலே மாறினால் அது டயர். பேரிங்குக்குச் சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான்.

'டப் டப்' என்று அடித்தால் எண்ணிப் பாருங்கள். 205/55 ஆர்16 என்ற அளவுள்ள டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 2 மீட்டர். மணிக்கு 18 கி.மீ. என்பது நொடிக்கு 5 மீட்டர். சக்கரம் 2 நொடிக்கு 5 முறை சுற்றும். உங்கள் எண்ணிக்கையும் அதுவே என்றால் டயரின் தட்டையான இடம்தான் தரையில் அடிக்கிறது. பின்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரென்ஷியலுக்கு முன்னால் இருக்கும் நீண்ட தண்டு, சக்கரத்தைவிட ஏறத்தாழ 3 அல்லது 4 மடங்கு வேகமாகச் சுற்றும். அதன் கோளாறு எண்ணக்கூடிய தாளமாக இல்லாமல் இருக்கையில் உணரும் நடுக்கமாகவே வரும்.

கடைசியாக, ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக முன்னேறுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் காரணம் ஆக்சிலின் வெளிப்புற சி.வி. ஜாயிண்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு). வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் பொருத்திய கார் என்றால் இதே சோதனையில் 'கடகட' என்று உதறலாம். அது பல நேரம் பழுதே அல்ல. அதற்குரிய எண்ணெயை மாற்றினாலே அடங்குவதுண்டு.

நான்காம் படி: தூக்கிப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது.

சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டீயரிங் இணைப்புகள். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். காதுக்கு எட்டாத 'நறநற' விரல்களுக்கு எட்டும். பேட் லேசாக உரசும் ஓசை இயல்பானது. அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். ஆக்சிலின் ரப்பர் உறைகள் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரங்கள் தொங்கும் நிலையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம்: ஆபத்து ஒருபுறம் இருக்க, தொங்கும் ஆக்சில் இல்லாத சத்தத்தையும் எழுப்பும்.

டயர்மீது சந்தேகம் மிஞ்சினால் முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே திசையில் சுழல வேண்டிய டயர் என்றால் அதே பக்கத்துக்குள் மாற்றுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவுள்ள கார்களில் இது முடியாது. முன்னால் கேட்ட சத்தம் பின்னால் போய்விட்டால் வழக்கு முடிந்தது.

கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகம் போனால்

கார் நிற்கும்போது நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்தால் நிற்கும் சத்தம் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு பேரிங்கைக் காட்டும். மிதித்தால் தொடங்கும் சத்தம் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கை (கிளட்ச்சை விடுவிக்க அழுத்தும் பேரிங்) காட்டும். கியர் எண்ணெயை வடிக்கும்போது அடைப்பானில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பு. விரலில் உறுத்தும் உலோகச் செதில்கள் இருந்தால் காரை ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

அதற்குமேல் பிரிப்பது பட்டறையின் வேலை. அங்கே "ஏதோ சத்தம் வருகிறது" என்று சொல்லாதீர்கள். "60 கி.மீ. வேகத்துக்கு மேல் கொரகொரப்பு, கியர் மாற்றினாலும் மாறவில்லை, வலப்பக்கம் திருப்பினால் கூடுகிறது, டயர்களை இடம் மாற்றியும் அங்கேயே இருக்கிறது" என்று எழுதிய தாளைக் கொடுங்கள்.