நிரபராதியின் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத ஆரம்பித்தவர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். போன மாதம் வந்த மூன்று நாவல்களிலும் ஒரே கரு. பிழைக்கப் போன தேசத்தில், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிய ஒருவன். இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகள் மூன்றிலும் அப்படியே இருந்தன. ஒற்றுப்பிழையைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதை யாரும் திருத்திக் கொடுப்பார்கள்.

நாயகனைச் சாமியாக்குவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். என் நாவலில் ரங்கூன் கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டித்தொழில் நடக்கும் கட்டடத்தில், இருக்கும் ஓர் அடுத்தாள் (கடை உதவியாள்) மேல் கொலைப்பழி விழும். அவன் பொய்யே பேச மாட்டான். கடன்பட்டவர்களைக் கண்டால் கண் கலங்குவான். விடிகாலையில் திருநீறு பூசித் தேவாரம் பாடுவான். நாலு வருஷ உழைப்பு, 340 பக்கம்.

பர்மாவில் பிறந்து, 1942ல் சிறுமியாக நடந்தே தப்பி வந்த ஓர் ஆச்சி கானாடுகாத்தானில் இருந்தார்கள். முகப்பில் உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டவர்கள் கையை நிறுத்தினார்கள். "ஏன் தம்பி, இவன் மனுசனா சாமியா? எங்க அப்பச்சி ரங்கூன்ல ராத்திரி ராத்திரி சீட்டாடுவாக. ஆத்தாகிட்டப் பொய்யும் சொல்லுவாக. அதுக்காகக் கொலை செஞ்சவுக ஆயிருவாகளா?"

பதில் சொல்ல முடியவில்லை. 340 பக்கத்தையும் கட்டிப் பரணில் வைத்தேன்.

பிரிட்டனில் கார்டிஃப் துறைமுகத்து மஹ்மூத் மத்தான் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சோமாலியர், கப்பலில் வேலை பார்த்தவர், வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டி மூன்று பையன்களுக்குத் தகப்பன். சூதாடுவார், சில்லறைத் திருட்டும் உண்டு, போலீஸிடம் பணிந்து பேச மாட்டார். 1952 மார்ச்சில் கடை நடத்திய ஒரு பெண்மணி கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். பழி மத்தான் மேல் விழுந்தது. செப்டம்பர் 3 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள். தீர்ப்பு தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 1998ல், 46 வருஷம் கழித்து.

அந்தச் சூதையும் திருட்டையும் துடைத்துவிட்டு எழுதினால், "இவ்வளவு நல்லவனையா!" என்று வாசகர் அழுவார். அப்படியானால் கொஞ்சம் கெட்டவனாக இருந்தால் தூக்கு சரிதானா? அந்த எண்ணத்தை நாமே ஊட்டியவர்களாகிறோம்.

நம் ஊர்க் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930ல் 6 சதவீதம், 1938ல் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் முழுகியது. இதை மறைத்தால் பர்மியரின் கோபம் காரணமில்லாத பேய்க்கோபமாகிவிடும். நம் அடுத்தாள் அந்த வட்டிக் கணக்கை எழுதியவனாகவே இருக்கட்டும். அப்போதும் அவன் கொல்லவில்லை.

வெறுப்பை வசவில் மட்டும் காட்டுவது

மத்தானைப் பாதி நாகரிகமடைந்த காட்டுமிராண்டி என்று ஜூரியிடம் வர்ணித்தவர் அவருடைய சொந்த வக்கீல். முக்கிய சாட்சி முதலில் சொன்ன அடையாளம் வேறொரு சோமாலியருக்குப் பொருந்தியது. அந்தத் தகவல் மத்தான் தரப்புக்குப் போகவே இல்லை. போலீஸ்காரன் கத்துவதைக் குறைத்துவிட்டு, வழக்குக் கட்டுக்குள்ளேயே கிடந்த அந்தக் காகிதத்தை எழுதுங்கள்.

பாஸ்போர்ட்

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கு முந்தைய கதையில் ரங்கூனில் இறங்கும் நாயகன் பாஸ்போர்ட் காட்டினால், அந்தக் காட்சியை வெட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளரை மறப்பது

மூன்று நாவலிலும் கூண்டில் நிற்பவன் தமிழில் பேசுகிறான், வெள்ளைக்கார ஜட்ஜ் உடனே தலையாட்டுகிறார். நடுவில் நிற்கும் ஆள் எங்கே என்று கேட்டேன். போன வாரம் ஒரு பெண் அந்த இடத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். கொலை நடந்த ராத்திரி சீட்டாடும் கடையில் இருந்ததையும், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்ததையும் அவன் நெடுநேரம் சொல்கிறான். மொழிபெயர்ப்பாளர் ஜட்ஜிடம் ஒரே வார்த்தை சொல்கிறார்: "மறுக்கிறான்."