ரோமன் காசை படிக்கிறது எப்படி: லத்தீன் தெரியாதவங்களுக்கு

ரோமன் காசுன்னாலே லத்தீன் படிச்சிருக்கணும், இல்லன்னா வேலைக்கு ஆகாதுன்னு நிறைய பேரு ஒதுங்கிடுறாங்க. அப்படில்லாம் ஒன்னும் இல்லீங்க, ஒரு பத்து பதினஞ்சு சுருக்கெழுத்து, ரோமன் எண், நாலஞ்சு உருவம், இது தெரிஞ்சா யாரு காசு, எந்த வருஷம், எதுக்கு அடிச்சான்னு முக்காவாசி சொல்லிடலாம். நம்ம ஊர்க்காரங்க இத கத்துக்கறதுல ஒரு நியாயமும் இருக்கு, ஏன்னா இந்தியாவுல கிடைச்ச ரோமன் வெள்ளி, தங்க காசுல பெரும்பகுதி தெற்குலதான், அதுலயும் கோயம்புத்தூர், கரூர் பக்கம் கொத்து கொத்தா கிடைச்சிருக்கு, எழும்பூர் மியூசியத்துல இருக்கற கலெக்‌ஷனும் நல்ல பெருசு.

முதல்ல செய்யக்கூடாதத சொல்லிடறேன். காசு கருத்து போயிருக்கேன்னு புளி போட்டு தேய்க்கறது, விபூதி போட்டு பளபளன்னு ஆக்கறது, டூத்பேஸ்ட், எலுமிச்சை, எதுவுமே வேணாம். மேல இருக்கற அந்த மெல்லிசு கருப்போட சேர்ந்து எழுத்தோட விளிம்பும் போயிடும், அப்புறம் படிக்கறதுக்கு என்ன இருக்கு. ஓரத்த மட்டும் பிடிச்சு எடுங்க, கீழ ஒரு துணி விரிச்சுக்கோங்க. நேரா மேலேர்ந்து லைட் அடிக்காம டார்ச்ச டேபிள் மட்டத்துல வெச்சு பக்கவாட்டுல அடிங்க, தேய்ஞ்சு போன எழுத்து கூட நிழல் விழுந்து எழும்பி நிக்கும், அப்படியே ஃபோன்ல ஒரு க்ளோஸப் எடுத்துட்டு ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி படிங்க. மியூசியத்துல கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறவங்க தலைய கொஞ்சம் அப்படி இப்படி சாய்ச்சு பாருங்க, அதே எஃபெக்ட் கிடைக்கும்.

அடுத்தது உலோகம், எடை. தங்கம்னா பெரும்பாலும் ஆரியஸ், வெள்ளின்னா பெரும்பாலும் டெனாரியஸ், மஞ்சளா பித்தளை மாதிரி பெருசா இருந்தா செஸ்டெர்ஷியஸ். ஒரு ஆரியஸ் 25 டெனாரியஸ், ஒரு டெனாரியஸ் 4 செஸ்டெர்ஷியஸ். இதோட மதிப்பு மனசுல நிக்கணும்னா மிளகு கணக்கு வெச்சுக்கோங்க, ரோம்ல ஒரு பவுண்டு கருமிளகு 4 டெனாரியஸ்னு அந்த காலத்து ரோமன் எழுத்தாளர் பிளினி எழுதி வெச்சிருக்காரு, ரோமன் பவுண்டு சுமார் 327 கிராம், அப்போ ஒரு வெள்ளி காசுக்கு ஏறக்குறைய 80 கிராம் மிளகு. அதே ஆளுதான் இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஷியஸ உறிஞ்சிட்டு போகுதுன்னு புலம்பினவரு, அத வெள்ளி காசா மாத்தினா ஒன்னேகால் கோடி டெனாரியஸ். அவரு சொன்ன தொகை அப்படியே சரியான்னு விட்டுடுங்க, காசு இங்க வந்து குவிஞ்சது மட்டும் நிஜம்.

எடை ஏன் முக்கியம்னா, கி.பி. 64ல ரோமன் பேரரசன் நீரோ ஒரு வேலை பண்ணினான். அதுவரைக்கும் ஒரு பவுண்டு வெள்ளியில 84 டெனாரியஸ் அடிச்சிட்டு இருந்தாங்க, அவன் 96ஆ ஆக்கினான், வெள்ளியோட சுத்தத்தையும் குறைச்சான். பழசு 3.9 கிராம் கிட்ட, புதுசு 3.4 கிட்ட. தங்கத்துலயும் பவுண்டுக்கு 40லேர்ந்து 45. நம்ம பக்கத்து புதையல்ல கிடைக்கற வெள்ளி காசெல்லாம் பெரும்பாலும் 64க்கு முன்னாடி அடிச்சதாவே இருக்கறதுக்கு இதையும் ஒரு காரணமா சொல்றாங்க, இங்க இருந்த வியாபாரி எவனும் ஏமாளி இல்ல, முகத்த பாத்து வாங்கல, எடைய பாத்துதான் வாங்கியிருப்பான். தேய்மானம் இருக்கும்ங்கறதால எடைய மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லிடாதீங்க, ஆனா ஒரு நகைக்கடை தராசு இருந்தா ஆரம்பம் நல்லா இருக்கும்.

இப்ப முகம். எல்லாரும் முகத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க, என்ன கேட்டா அத கடைசியா வெச்சுக்கணும். ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் செத்தப்போ வயசு 75, ஆனா காசுல கடைசி வரைக்கும் இளவட்டமாவே இருப்பாரு. அவருக்கு அப்புறம் வந்த டைபீரியஸ் முகத்தையும் அவரு சாயல்லயே செதுக்கியிருப்பாங்க. வெஸ்பேசியன் மாதிரி வழுக்கை, சுருக்கம், பெரிய தாடைன்னு இருந்தா, இல்ல நீரோ மாதிரி கொழுத்த கழுத்தா இருந்தா உதவும், மத்தபடி முகத்த நம்பாதீங்க, எழுத்த நம்புங்க. தலையில இலை மாலையா, இல்ல சூரிய கதிர் மாதிரி முள்ளு முள்ளா கிரீடமான்னு மட்டும் பாத்துக்கோங்க, கதிர் கிரீடம் பொதுவா இரட்டை மதிப்பு காசுக்கான அடையாளம்.

எழுத்து காசோட ஓரத்துல வட்டமா ஓடும். பெரும்பாலும் கடிகாரம் சுத்தற பக்கம், ஆனா எங்க ஆரம்பிக்குதுன்னு நிச்சயமில்ல, இடது கீழ் மூலைன்னு நினைச்சு தேடிட்டு அங்க இல்லன்னா மேல தேடுங்க. வார்த்தைக்கு நடுவுல இடைவெளி பல சமயம் இருக்காது. கையால சுத்தியல் வெச்சு அடிச்ச காசுங்கறதால நடுவுல விழாம ஒரு பக்கமா நகர்ந்து பாதி எழுத்து வெளிய போயிருக்கும், அதுக்கெல்லாம் அசராதீங்க. இங்கிலீஷ் பெரிய எழுத்து தெரிஞ்சா போதும், ஒன்னே ஒன்னு, அவங்களுக்கு யூங்கற எழுத்து தனியா கிடையாது, அந்த எடத்துல வி தான் போடுவாங்க, அதனால ஏ வி ஜின்னு பாத்தா அகஸ்டஸ்னு படிக்கணும்.

இனிமேதான் சுவாரஸ்யமே. காசுல இருக்கற சுருக்கெழுத்தெல்லாம் நம்ம கல்யாண பத்திரிகையில பேருக்கு பின்னாடி வரிசையா பட்டம் போடுவாங்களே அந்த மாதிரிதான், ஆனா ஒவ்வொரு பட்டமும் ஒரு அதிகாரம். ரோமர்கள் ஒரு காலத்துல ராஜாவ விரட்டிவிட்டு குடியரசு ஆனவங்க, அதுக்கப்புறம் ராஜாங்கற பேச்சே அவங்களுக்கு ஆகாது. அதனால எந்த பேரரசனும் காசுல தன்னை ராஜான்னு போட்டுக்கல, அதுக்கு பதிலா பழைய குடியரசு பதவிகள ஒவ்வொன்னா எடுத்து தன் பேருக்கு பின்னாடி அடுக்கிக்கிட்டான். இத புரிஞ்சிக்கிட்டா காசு படிக்கறது மனப்பாடம் இல்ல, அரசியல் படிக்கற மாதிரி ஆயிடும்.

நம்ம பக்கம் அதிகமா கிடைக்கற ரெண்டு வெள்ளி காச எடுத்துக்குவோம். ஒன்னுல பின்பக்கம் ரெண்டு பேரு கேடயம், ஈட்டியோட நிப்பாங்க. முன்பக்கம் சீசர் அகஸ்டஸ் டிவி (DIVI) எஃப் பேட்டர் பேட்ரியே. டிவி எஃப்ன்னா தெய்வத்தோட மகன், அதாவது செத்தப்புறம் தெய்வம்னு அறிவிக்கப்பட்ட ஜூலியஸ் சீசரோட தத்துப்பிள்ளை. பேட்டர் பேட்ரியேன்னா தேசத்தந்தை, இந்த பட்டம் அவருக்கு கிடைச்சது கி.மு. 2ல, அப்போ காசு அதுக்கு முந்தினதா இருக்க வாய்ப்பே இல்ல, பாருங்க ஒரே ஒரு பட்டத்த வெச்சு தேதி பிடிச்சாச்சு. பின்னாடி நிக்கற ரெண்டு பேரு அவரு பொண்ணு வயித்து பேரன்கள் கையஸ், லூசியஸ், ரெண்டு பேரையும் தத்தெடுத்து வாரிசா ஊருக்கெல்லாம் காசு மூலமா அறிமுகம் பண்றாரு. ஆனா லூசியஸ் கி.பி. 2லயும் கையஸ் கி.பி. 4லயும் செத்துட்டாங்க. வாரிசு விளம்பரம் போட்ட காசு மட்டும் கடல் தாண்டி வந்து கோயம்புத்தூர் பக்கம் மண்ணுல கெடந்திருக்கு.

பேரன்கள் போனதும் வேற வழியில்லாம தத்தெடுத்தது டைபீரியஸ, ரெண்டாவது காசு அவரோடது. டி ஐ சீசர் டிவி ஏவிஜி எஃப் அகஸ்டஸ், விரிச்சு படிச்சா டைபீரியஸ் சீசர், தெய்வமான அகஸ்டஸோட மகன், அகஸ்டஸ், கடைசியில வர்ற அகஸ்டஸ் இவரும் போட்டுக்கிட்ட பட்டம். திருப்பினா ஒரு பொம்பள நாற்காலியில உக்காந்திருக்கும், ஒரு கையில செங்கோல், இன்னொரு கையில கிளை, அது அவரு அம்மா லிவியான்னு பொதுவா சொல்லுவாங்க. சுத்தி பான்டிஃப் மேக்ஸிம், தலைமை பூசாரி. அந்த பதவி டைபீரியஸுக்கு கி.பி. 15ல வந்தது, செத்தது 37ல, காசு அந்த இடைவெளிக்குள்ள எங்கயோ. இதே பட்டத்த இன்னிக்கும் ரோம்ல போப் பேரோட கல்வெட்டுல பாக்கலாம். பைபிள்ல சீசருக்குரியத சீசருக்கு கொடுங்கன்னு ஒரு காச காட்டி பேசற இடம் வருதே, அந்த காசு இந்த ரகம்தான்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை, அதனாலேயே சந்தையில விலையும் ஜாஸ்தி, போலியும் ஜாஸ்தி.

வருஷத்த இன்னும் துல்லியமா பிடிக்கணும்னா நம்பர் வரணும். டி ஆர் பின்னு பாத்தா ட்ரிபியூன் அதிகாரம். ட்ரிபியூன்ங்கறது சாதாரண ஜனங்களோட பிரதிநிதி, எந்த முடிவையும் வீட்டோ பண்ணலாம், அவன் மேல கை வெக்க முடியாது. கி.மு. 23ல அகஸ்டஸ் பதவிய எடுத்துக்காம அதோட அதிகாரத்த மட்டும் உருவிக்கிட்டாரு, கில்லாடி. அத வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க, அதனால அதுக்கு பின்னாடி வர்ற எண் கிட்டத்தட்ட ஆட்சி வருஷம். சி ஓ எஸ்ன்னா கான்சல், அதாவது பழைய குடியரசோட உச்ச பதவி, எத்தனாவது தடவைன்னு எண், ஆனா அடுத்த தடவை ஆகற வரைக்கும் அதே எண்ணுதான் ஓடும், அதனால அது ஒரு வருஷத்த சொல்லாது, ஒரு காலகட்டத்த சொல்லும். ஐ எம் பின்னா தளபதி, எண்ணோட வந்தா அத்தனை வெற்றிக்கு படை வாழ்த்தினதுன்னு அர்த்தம். பி எம் தலைமை பூசாரியேதான், பி பி தேசத்தந்தை. வெண்கல காசுல பெருசா எஸ் சின்னு நின்னா செனட், அதாவது ரோமோட பெரியவங்க சபை, அதோட ஆணைப்படி. நாலுங்கறத நாம படிச்ச மாதிரி ஐ வின்னு போடாம நாலு கோடா போடறதுதான் அங்க வழக்கம், குழம்பிடாதீங்க.

இத வெச்சு டொமிஷியன் காசு ஒன்ன படிப்போம். முன்பக்கம் கடைசியில டி ஆர் பி எக்ஸ் வி, பதினஞ்சு. அவன் ஆட்சிக்கு வந்தது 81 செப்டம்பர், அப்போ பதினஞ்சாவது வருஷம்ங்கறது 95 செப்டம்பர்லேர்ந்து 96 செப்டம்பர். பின்பக்கம் ஐ எம் பி 22, சி ஓ எஸ் 17, அப்புறம் சென்ஸ் பி, அதாவது நிரந்தர சென்சார், யாரு செனட்ல இருக்கலாம் யாரு கூடாதுன்னு ஆயுசுக்கும் நானே முடிவு பண்ணுவேன்னு அர்த்தம். 96 செப்டம்பர் 18ல அரண்மனைக்குள்ளயே குத்தி கொன்னுட்டாங்க, செனட் அவன் பேர கல்வெட்டுலேர்ந்து செதுக்கி எடுக்க சொல்லிடுச்சு. அந்த சென்ஸ் பிய படிச்சதுக்கு அப்புறம் செனட்டோட கோவம் நல்லாவே புரியுது.

ட்ராஜன் காசுல ஒரு சின்ன விஷயம் பாருங்க, பேரு ட்ராயனோன்னு ஓ-ல முடியும். அப்படி முடிஞ்சா ட்ராஜனுக்குன்னு அர்த்தம், செனட்டும் ஜனமும் அவருக்கு சமர்ப்பிக்கற மாதிரி ஒரு தோரணை. பின்பக்கம் எஸ் பி க்யூ ஆர், செனட்டும் ரோம மக்களும், கூடவே ஆப்டிமோ பிரின்ஸ், மிகச்சிறந்த தலைவனுக்கு. சி ஓ எஸ் வின்னு இருந்தா 103லேர்ந்து 111க்குள்ள.

பின்பக்க உருவங்கள கையில இருக்கற பொருள வெச்சு கண்டுபிடிங்க, அது சுலபம். சுக்கானும் பழம் வழியற கொம்பும்னா ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். தராசுன்னா நியாயம், இல்லன்னா நாணயசாலை தேவதை மொனேட்டா. றெக்கை, மாலைன்னா வெற்றி. தலைகவசம் போட்ட பொண்ணு ஈட்டியோட நின்னா மினெர்வா, டொமிஷியனுக்கு ரொம்ப இஷ்டம். ஆலிவ் கிளைன்னா சமாதானம், அது பாதி சமயம் பெரிய சண்டைக்கு அப்புறம்தான் காசுல வரும்.

நம்ம ஊர் காசுல இன்னொன்னு கவனிக்கணும், வெட்டு. 1898ல புதுக்கோட்டையில கிடைச்ச புதையல்ல 501 தங்க காசு, அதுல பெரும்பாலானதுல பேரரசன் மூஞ்சிலயே உளி வெச்சு ஒரே வெட்டு. தங்கம் உள்ள வரைக்கும் தங்கமான்னு சோதிச்சாங்கன்னு ஒரு கட்சி, இந்த காசு இனி செல்லாது வெறும் உலோகம்தான்னு காட்ட வெட்டினாங்கன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, சோதிக்கறதுக்கு ஓரத்துல கீறினா போதுமே, மூஞ்சிய ஏன் குறிவெச்சு வெட்டணும். அதே மாதிரி எழுத்து எழுத்தா இல்லாம கோடும் வட்டமுமா கிறுக்கின மாதிரி இருந்தா உடனே போலின்னு தூக்கி போடாதீங்க, லத்தீன் தெரியாத இந்திய கைவினைக்காரன் அந்த காலத்துலயே பாத்து செஞ்ச நகலா இருக்கலாம், அதுக்குன்னே ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. இப்போதைய போலிய பிடிக்கணும்னா ஓரத்த பாருங்க, அச்சுல ஊத்தினதுன்னா சுத்தி மெல்லிசா ஒட்டு கோடு, மேல பொடி பொடி குமிழி ஓட்டை, எழுத்தோட விளிம்பு சோப்பு கரைஞ்ச மாதிரி மொழுக்குன்னு இருக்கும்.

கரூர்ல அமராவதி ஆத்து மணல்லயும், மதுரையிலயும், இலங்கையில இன்னும் அதிகமாவும் கிடைக்கற பொடி செம்பு காசெல்லாம் 4, 5ம் நூற்றாண்டு, விரல் நகம் சைஸு, எழுத்து பெரும்பாலும் போயிருக்கும், அதுல ஆரம்பிச்சீங்கன்னா வெறுத்துடும்.

மண்ணுல தோண்டும்போது காசு கிடைச்சா மட்டும் கமுக்கமா வெச்சுக்காதீங்க, 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எந்த புதையலையும் கலெக்டருக்கு தெரிவிக்கணும், அதோட 1972 தொல்பொருள் சட்டப்படி இந்த மாதிரி பழம்பொருள தனி ஆளு வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. பழகறதுக்கு காசு வாங்கணும்னு அவசியமே இல்ல, பெரிய மியூசியங்க நெட்ல போட்டிருக்கற டைபீரியஸ் டெனாரியஸ் படம் ஒன்ன எடுத்து, கீழ இருக்கற விளக்கத்த கையால மறைச்சுக்கிட்டு, முதல்ல ஏ வி ஜி எங்க இருக்குன்னு தேடுங்க.