யாரும் சொல்லித்தராத கவிதை பரீட்சையில் வந்தால்

ஆடி மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் இந்த வருடம் மேட்ரிக், இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு இறுதிப் பரீட்சை. கணக்கு, சயின்ஸ் எல்லாம் பரவாயில்லையாம், இங்கிலீஷில் அந்த 'அன்சீன் போயம்', அதாவது பாடத்தில் இல்லாத கவிதை, வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறானாம். "படிச்சதைக் கேட்டா எழுதுவான். படிக்காததைக் கேட்டா புள்ள என்னம்மா பண்ணுவான்?" என்றார். நியாயமான கேள்விதான். கூழ் கைக்கு வருவதற்குள் பாதி சொல்லிவிட்டேன், மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் படித்தவள். அங்கே இங்கிலீஷ் கவிதை என்றால் நோட்ஸில் இருக்கிற பதிலை மனப்பாடம் செய்து, காற்புள்ளி கூட மாறாமல் இறக்கி வைப்பது. கல்யாணமாகி டர்பன் வந்து, அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமை டியூஷன் ஆரம்பித்தபோது, முதல் வாரமே ஒரு பெண் பழைய கேள்வித்தாளை நீட்டி "ஆன்ட்டி, இந்தக் கவிதைக்கு நோட்ஸ் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நோட்ஸ் கிடையாது, அதுதான் விஷயமே. மேட்ரிக்கில் இங்கிலீஷ் ஹோம் லாங்குவேஜ் (முதல் மொழியாக இங்கிலீஷ்) எடுக்கிற பிள்ளைகளுக்கு பேப்பர் டூ இலக்கியம், 80 மதிப்பெண். அதில் கவிதைப் பகுதி 30, அந்த 30-ல் 10 இந்த முன்பின் தெரியாத கவிதைக்கு. கட்டாயக் கேள்வி, விட்டுவிட்டு வேறொன்றை எழுதித் தப்பிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று என்று நாலு சின்னக் கேள்விகளாக வரும். பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. மற்ற கவிதைகளுக்கு வருடம் முழுக்கப் படித்ததை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், இதற்குத் தேவையானது எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் கண்ணெதிரே கிடக்கிறது.

பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு, கவிதைக்குள் ஏதோ புதையல் ஒளிந்திருக்கிறது, கவிஞர் வேண்டுமென்றே அதைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைப்பது. உடனே 'வாழ்க்கை', 'மரணம்', 'சுதந்திரம்' என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள், கவிதையில் ஒரு ஆள் சும்மா பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பார். அதனால் என் கராஜில் ஒரு சட்டம் உண்டு. கவிதையை மூன்று தடவை படி, அதில் ஒரு தடவையாவது உதடு அசையப் படி, அப்புறம் என்ன நடக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் பாட்டிக்குச் சொல்கிற மாதிரி சொல். 'இது எதைக் குறிக்கிறது' என்ற பேச்சே அதற்கு முன்னால் வரக்கூடாது.

கையில் ஒரு கவிதை இல்லாமல் இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பிள்ளைகளுக்காக நானே இங்கிலீஷில் எழுதிய ஒரு சின்னக் கவிதை, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

அப்பா வாங்கிய கேட் இன்னும் நிற்கிறது.
ஒவ்வொரு ஏப்ரலிலும் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்.
அடியில் துரு காத்திருந்தது, பொறுமையாக.
இப்போது நான் அடிக்கிறேன்,
ஆனால் பிரஷ்
அவர் கை போன பக்கமே போகிறது.

பெரிய இலக்கியம் இல்லை, தெரியும். பாடம் நடத்த இது போதும்.

என்ன நடக்கிறது? ஒருவர் அப்பாவின் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். அவ்வளவுதான். இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், இந்த ஒரு வரி கையில் இருந்தால்தான் மற்றது எதையும் பிடிக்க முடியும்.

அடுத்தது நம் ஆட்களுக்கு இருக்கிற ஒரு சௌகரியம். பழைய அகப்பாட்டுகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், பாட்டுக்குப் பக்கத்தில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று ஒரு குறிப்பு இருக்கும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சமயத்தில் பேசுகிறார் என்பது தெரியாமல் அந்தப் பாட்டு திறக்கவே திறக்காது என்பதால்தான் அந்தக் குறிப்பு. இங்கிலீஷ் கவிதைக்கு அந்தக் குறிப்பை யாரும் எழுதித் தருவதில்லை, பிள்ளையே எழுதிக்கொள்ள வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். கேட் கவிதைக்கு ஒரு பையன் பென்சிலால் எழுதினான்: 'மகன் கூற்று, அப்பா இல்லாத வீட்டில், தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.' இன்னொரு பெண் உடனே சண்டைக்கு வந்தாள், மகன் என்று எங்கே இருக்கிறது, மகளாக ஏன் இருக்கக்கூடாது என்று. அவள் சொன்னதுதான் சரி, கவிதையில் அது இல்லை. இல்லாததை எழுதினால் மதிப்பெண் போகும். பேசுகிறவரையும் கவிஞரையும் ஒன்றாக்கிக் குழப்புவதும் இதே ரகம்தான், 'கவிஞரின் அப்பா இறந்துவிட்டார்' என்று எழுதாதே, 'பேசுகிறவர்' என்று எழுது.

சரி, அப்பா இறந்துவிட்டார் என்று எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 'அடிப்பார்' என்று அவரைப் பற்றிப் பழைய வழக்கமாகச் சொல்லிவிட்டு, 'இப்போது நான்' என்று ஒரு தாவல். நடுவில் என்ன ஆனது என்பது சொல்லப்படவில்லை. இறந்திருக்கலாம், முதுமையில் கை நடுங்கலாம், வீட்டை விட்டே போயிருக்கலாம். பிள்ளை 'அப்பா இப்போது பெயிண்ட் அடிப்பதில்லை, ஏன் என்று கவிதை சொல்லவில்லை, அந்த மௌனமே ஒரு இழப்பு மாதிரி தெரிகிறது' என்று எழுதினால் எனக்குக் கை தட்டத் தோன்றும்.

அப்புறம் நிலமும் பொழுதும். இதுவும் நம் இலக்கணம்தான்: எந்த இடம், எந்தக் காலம், அங்கே என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அதெல்லாம் சேர்ந்து என்ன உணர்ச்சி. இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏப்ரல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஒருத்தன் 'ஏப்ரல் வசந்த காலம், புதுப்பிறப்பின் குறியீடு' என்று எழுதிவிட்டான். எங்கேயோ கைடில் படித்திருக்கிறான், அது இங்கிலாந்து ஏப்ரல்! டர்பனில் பிறந்து வளர்ந்த பையன், இங்கே ஏப்ரல் என்றால் கோடை மழை ஓய்ந்து காற்று காய்கிற சமயம், பெயிண்ட் அடிக்கத் தோதான மாதம் என்று அவன் அப்பாவைக் கேட்டால் சொல்லியிருப்பார். கடல் காற்றில் இங்கே இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதும் அவன் வீட்டுக் கேட்டைப் பார்த்தாலே தெரியும். அதே சமயம் இங்கிலாந்துக் கவிதை ஒன்று வந்து அதில் ஏப்ரல் இருந்தால், அங்கே அது வசந்தம்தான், டிசம்பர் என்றால் குளிர். கவிதை எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலண்டரைத் திறக்க வேண்டும்.

இனி வார்த்தை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், என் அனுபவத்தில் பாதி மதிப்பெண் இங்கேதான் கிடக்கிறது. ஒரே ஒரு வார்த்தையை எடு, அந்த இடத்தில் வேறு எந்த வார்த்தையைப் போட்டிருக்கலாம் என்று யோசி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல். ஒல்லியான பெண்ணை 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் வீட்டில் சோறு போடுவதில்லையா என்று அர்த்தம். ஆள் அதே ஆள்தான். துரு 'இருந்தது' என்று எழுதியிருக்கலாம், 'பரவியது' என்று எழுதியிருக்கலாம், 'காத்திருந்தது' என்று ஏன் வந்தது? காத்திருக்கிறவனுக்கு ஒரு நோக்கம் உண்டு, தன் முறை வரும் என்று அவனுக்குத் தெரியும். 'பொறுமையாக' என்பது நல்ல குணத்தைச் சொல்கிற வார்த்தை, அதைத் துருவுக்குக் கொடுத்ததும் கொஞ்சம் முதுகு சில்லிடுகிறது. அப்பா வருடா வருடம் ஜெயித்த மாதிரி தெரிந்தாலும் கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்று அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறது.

இதைத்தான் பிள்ளைகள் 'இதில் பெர்சோனிஃபிகேஷன் (உயிரில்லாததை மனுஷன் மாதிரி சொல்வது) இருக்கிறது, அது கவிதையைச் சுவாரசியமாக்குகிறது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெயர் சொன்னதற்கு ஒரு மதிப்பெண் விழலாம், விழாமலும் போகலாம். 'சுவாரசியமாக்குகிறது', 'வாசகரை மேலும் படிக்கத் தூண்டுகிறது', 'மனதில் படம் உண்டாக்குகிறது' ஆகிய மூன்று வாக்கியங்களுக்கும் என் கராஜில் தடை. எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற பதில் இந்தக் கவிதைக்குப் பதில் ஆகாது. நான் பக்க ஓரத்தில் சிவப்பில் 'அதனால் என்ன?' என்று எழுதுவேன். பெயர் சொன்னாயா, அதனால் என்ன? துரு மனுஷன் மாதிரி காத்திருக்கிறது, அதனால் என்ன? இரண்டு தடவை கேட்டால் மூன்று மதிப்பெண் பதில் தானாக வந்துவிடும்.

திரும்புகிற இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாக் கவிதையிலும் ஒரு இடத்தில் வண்டி திரும்பும். 'பட்', 'யெட்', 'ஸ்டில்', 'நவ்' மாதிரி ஒரு சின்ன வார்த்தை, அல்லது காலம் மாறும், அல்லது நீளமாக வந்த வரி திடீரென்று குட்டையாகும். கேட் கவிதையில் 'ஆனால் பிரஷ்' என்று ஒரு வரி அந்தரத்தில் நிற்கிறதே, அங்கே நாமும் ஒரு விநாடி நிற்கிறோம், பிரஷ் என்ன ஆனது என்று. அடுத்த வரியில் பதில் வருகிறது, அவர் கை போன பக்கமே. அப்பா அடிப்பது நின்றாலும் அவர் கை நிற்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே என்ன மனநிலை, கீழே என்ன மனநிலை என்று ஒவ்வொரு வார்த்தை எழுதிவைத்தால் 'டோன்', அதாவது பேசுகிற தொனி, பற்றிய கேள்விக்குப் பாதி பதில் தயார்.

டோன் கேள்விக்கு எல்லாரும் எழுதுவது 'சாட்'. அது போதாது. இங்கே தமிழ் கை கொடுக்கும் என்று நான் நம்புகிறேன், நம்மிடம் துக்கத்துக்கே எத்தனை வார்த்தை! ஏக்கமா, ஆதங்கமா, ஆற்றாமையா, கசப்பா, விரக்தியா என்று முதலில் தமிழில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் இங்கிலீஷ் வார்த்தை தேடலாம். ஏக்கம் என்றால் 'விஸ்ட்ஃபுல்' கிட்டத்தட்ட வரும், கசப்புக்கு 'பிட்டர்', விரக்திக்கு 'ரிசைன்ட்'. ஆதங்கத்துக்குச் சரியான ஒற்றை வார்த்தை எனக்கு இன்றுவரை மாட்டவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வார்த்தை போட்டு எழுதட்டும், தப்பில்லை.

பழைய கேள்வித்தாள்களும் மெமோக்களும் (திருத்துகிறவர்களுக்கான விடைக்குறிப்புகள்) கல்வித்துறை வெப்சைட்டிலேயே இலவசமாக இருக்கின்றன, யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். மெமோவில் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அடைப்புக்குள் ஒரு வரி இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால், தனித்தனியாக இரண்டு கருத்து, அல்லது ஒரே கருத்தை நன்றாக விரித்தால் போதும் என்று சொல்வார்கள். மூன்று மதிப்பெண்ணுக்குக் கருத்து நன்றாக விரிந்திருக்க வேண்டும், இமேஜரியையும் (வார்த்தையால் காட்டுகிற படம்) டோனையும் சேர்த்துக் கேட்டிருந்தால் இரண்டையும் தொட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதி ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு ஒன்றரை வரி எழுதினவனை விடக் குறைவாக விழுவது இதனால்தான். பதிலில் கவிதையிலிருந்து இரண்டு மூன்று வார்த்தையை மேற்கோள் குறிக்குள் எடுத்து வை, முழு வரியையும் காப்பி அடிக்காதே.

கதை என்றால் கவிதை அளவுக்குப் படுத்தாது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதல் பாராவையும் கடைசிப் பாராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார். கதை சொல்கிறவருக்கு எது தெரியாது என்று கேள், குழந்தை சொல்கிற கதையில் பெரியவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது குழந்தைக்குப் புரியாது, நமக்குப் புரியும், அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. பாத்திரம் வாயால் சொல்வதை விடக் கையால் செய்வதை நம்பு. ஒரு அம்மா இரண்டு தட்டு எடுத்து வைத்து, அப்புறம் ஒன்றை மட்டும் திரும்ப அலமாரியில் வைத்தால், 'அவள் தனிமையாக உணர்ந்தாள்' என்று ஆசிரியர் எழுத வேண்டியதில்லை, அதை எழுதவேண்டியது உங்கள் பிள்ளை.

அந்த அக்கா கடைசியாகக் கேட்டது, "எனக்கே இங்கிலீஷ் தகராறு, நான் எப்படிச் சொல்லித்தர்றது?" என்று. நீங்கள் சொல்லித்தர வேண்டாம் அக்கா, கேள்வி மட்டும் கேளுங்கள், தமிழிலேயே. யார் பேசுறது? யார்கிட்ட? எங்க நிக்கிறாங்க? எந்த வார்த்தை உன்னைத் தடுக்குது? எங்க திரும்புது? அவன் இங்கிலீஷில்தான் பதில் சொல்வான், இங்கே நம் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், சொல்லட்டும். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்துவிட்டால் திருத்துகிறவருக்கும் புரிகிற மாதிரி எழுதிவிடுவான். வாரம் ஒரு கவிதை, அரை மணி நேரம், மெமோவை அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள். போன சனிக்கிழமை அவனைக் கராஜுக்கு அனுப்பியிருந்தார். கேட் கவிதையைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பெயிண்ட் என்ன கலர்னு இப்ப சொல்லவே இல்லையே, அதே பச்சையா?" என்றான். நானே யோசிக்காத கேள்வி. எழுது என்றேன்.