பெரிய பாட்டுத் தொகுப்பு: வீட்டில் வைப்பதும் நகல் எடுப்பதும்

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். நகலிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அதைவிட மோசமானது, ஒரு ஃபைல் யாருக்கும் தெரியாமல் கெட்டுப்போய், அடுத்த பேக்கப்பில் நல்ல நகலின் மேலேயே போய் உட்காருவது. கீழே உள்ள ஏற்பாடு முக்கியமாக இதைத் தடுப்பதற்குத்தான்.

முதலில் இடக் கணக்கு. சிடி தரத்தில் ஒரு ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) ஆல்பம் 250 முதல் 400 எம்பி வரை வரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 1 ஜிபி. 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. 3,000 சிடி ஆல்பங்கள் இருந்தால் 1 டிபி கிட்டத்தட்ட நிறைந்துவிடும். இன்றைய அளவைப்போல் இரண்டு மடங்கு இடமுள்ள டிஸ்க்கை வாங்குங்கள். அட்டையில் 1 டிபி என்று இருப்பது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். எண்ணும் முறைதான் வேறு, இடம் எங்கும் போய்விடவில்லை.

மூன்று இடங்கள்

ஒன்று நீங்கள் கேட்கும் மூலத் தொகுப்பு. இரண்டாவது வீட்டிலேயே, நகல் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழற்றி வைக்கும் டிஸ்க். மூன்றாவது வேறொரு கூரையின் கீழ்: உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க், அல்லது கிளவுட். கிளவுட் என்றால் பொறுமை வேண்டும். 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 1 டிபி போய்ச் சேர இடைவிடாமல் நாலரை நாளுக்கு மேல் ஆகும்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோமே, அதுவே பேக்கப் ஆகாதா என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் பாட்டு நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்டு. நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும் நகலுக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் கசியும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதும்) வகை டிஸ்க்கைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம், ரெய்டில் மட்டும் போடாதீர்கள். டிஸ்க் மாற்றி மறுபடி நிரப்பும்போது மிகவும் திணறும். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் டிஸ்க் ஃபார்மட்டான எக்ஸ்ஃபாட்டில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி) கிடையாது, எழுதும் பாதியில் கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டர்கள் சிதையலாம். ஒரே வகைக் கணினிதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு ஏபிஎஃப்எஸ், லினக்ஸுக்கு இஎக்ஸ்டி4 என்று அதற்குரியதையே போடுங்கள்.

ஃபைல் பெயர்கள்

தமிழில் பெயர் வைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கி' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி ('க' ஒன்று, அதன் துணையெழுத்து ஒன்று), அதாவது 6 பைட். ஆகவே 85 குறிகளுக்கு மேல் போனால், விண்டோஸில் சிக்கலின்றி இருந்த ஃபைலை நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் உள்ள, பெரும்பாலும் லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டி) ஏற்காது. பாடகர், இசையமைப்பாளர், படம், ஆண்டு எல்லாவற்றையும் பெயரில் திணிக்காமல், ஃபைலுக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பான டேக்கில் வையுங்கள். பெயருக்கு பாட்டின் எண்ணும் தலைப்பும் போதும்.

இன்னொன்று, 'கொ', 'கோ', 'கௌ' எழுத்துகள். 'கோ'வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய டிஸ்க் ஃபார்மட்டான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே எழுதும். லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு பெயராகவே பார்க்கும். ஒரே ஆல்பம் நகலில் இரண்டு ஃபோல்டராக நின்றால் காரணம் இதுதான். நகல் எடுக்கும் கட்டளை நிரலான ஆர்சிங்க் 3-இல் 'ஐகான்வ்' என்ற தெரிவு இதைச் சரிசெய்யும்.

நகல் எடுக்கும் முன் சோதனை

ஒவ்வொரு ஃபிளாக் ஃபைலின் தலைப்பகுதியிலும் ஒலிக்கான எம்டி5 எண் (ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) பதிவாகியிருக்கும். ஃபிளாக் நிரலைச் சோதனை முறையில் ஓட்டினால் ஒலியை முழுக்க விரித்து அந்த எண்ணோடு ஒப்பிடும். டேக்கை மாற்றினாலும் இந்த எண் மாறாது என்பது பெரிய வசதி. எம்பி3-க்கு இது இல்லை. எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியல் ஒன்றைத் தனியே எடுத்து வையுங்கள், டேக் திருத்திய ஃபைலுக்கு அதைப் புதுப்பியுங்கள். சோதனையில் தேறாத ஃபைலை முதலில் பழைய நகலிலிருந்து மீட்டுவிட்டு, அதன் பிறகே புதிய நகல் எடுங்கள்.

ஆர்சிங்க் ஓட்டும்போது

மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இல்லையென்றால் அந்த ஃபோல்டரே நகலுக்குள் ஒன்றாக உருவாகும். எதையும் மாற்றாமல், நடக்கப்போவதை மட்டும் காட்டும் 'டிரை-ரன்' போட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டே நிஜமாக ஓட்டுங்கள்.

மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கும் 'டெலிட்' தெரிவில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (கணினியில் இணையாமல்) அதன் இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும் இருந்தால், ஆர்சிங்க் அதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு நகல் முழுவதையும் துடைத்துவிடும். 'மேக்ஸ்-டெலிட்' 100 என்று வரம்பு வையுங்கள். 'பேக்கப்', 'பேக்கப்-டிர்' தெரிவுகளைச் சேர்த்தால் அழிபவையும் மாறுபவையும் தேதியிட்ட ஃபோல்டருக்குப் போய்விடும். ஆறு மாதத்துக்காவது அதைத் தொடாதீர்கள்.

டேக் திருத்தியும் நகலில் பழையதே இருக்கிறதா? ஆர்சிங்க் வழக்கமாக ஃபைலின் அளவையும் மாறிய நேரத்தையும் மட்டுமே பார்க்கும். ஃபிளாக் ஃபைலில் டேக் வளர்வதற்கென்று வெற்றிடம் விடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 8,192 பைட். திருத்தம் அதற்குள் அடங்கினால் அளவு மாறாது. டேக் மென்பொருளில் 'மாறிய நேரத்தைக் காப்பாற்று' என்பதும் தேர்வாகியிருந்தால் எந்த மாற்றமும் ஆர்சிங்க் கண்ணில் படாது. அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே விட்டுப்போனவற்றுக்கு ஒருமுறை, உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'செக்சம்' தெரிவோடு ஓட்டுங்கள். எல்லா ஃபைலையும் இரண்டு பக்கமும் படிக்க வேண்டியிருப்பதால் பல மணி நேரம் ஆகும்.

பிளேலிஸ்ட்டுகளை டிஸ்க் எழுத்தில் தொடங்கும் முழுப் பாதையோடு சேமிக்காதீர்கள். வேறு டிஸ்க்கில் அவை திறக்காது. பிளேயரின் டேட்டாபேஸையும், அதை மூடிய பிறகு, நகலில் சேருங்கள். மதிப்பெண்களும் கேட்ட எண்ணிக்கையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம் நகலிலிருந்து சில ஆல்பங்களை வேறு கணினிக்கு மீட்டு, ஃபிளாக் சோதனையை அங்கே ஓட்டுங்கள். அதே நாளில் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் பட்டியலையும் பாருங்கள். 5-ஆம் எண்ணும் (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்) 197-ஆம் எண்ணும் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் வேளை வந்துவிட்டது. 199 (கேபிள் வழியே வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.