வீட்டுச் சாப்பாடுதான், ஆனாலும் இந்தத் தவறுகள் வேண்டாம்

"எங்க வீட்டுல வெளிச்சாப்பாடே கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் நிறைய உண்டு. அந்தப் பெருமை நியாயமானது. வீட்டில் சமைத்தால் எந்த எண்ணெய், எவ்வளவு உப்பு, காய் என்றைக்கு வாங்கியது, சோறு எத்தனை மணிக்கு வடித்தது எல்லாமே நமக்குத் தெரியும். வீட்டுச் சமையலின் நன்மை முழுக்க அதில்தான் இருக்கிறது. தெரிந்தும் கவனிக்காமல் விட்டால், ஜங்ஷனில் வாங்கிவந்த பார்சலுக்கும் வீட்டுச் சட்டியில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நம்மூர் அடுப்படிகளில் அப்படித் திரும்பத் திரும்ப நடக்கிற சில தவறுகளை இங்கே சொல்கிறேன்.

தினமும் விருந்து வைக்கப் பார்ப்பது

ஒரு வீட்டில் சமையல் குறைந்துபோனால் உடனே சோம்பல் என்று பேசுவார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. மத்தியானம் குழம்பு, ரசம், இரண்டு வெஞ்சனம், அப்பளம். ராத்திரி தோசை, அதற்கு இரண்டு சட்னி, ஒரு சாம்பார். வேலைக்குப் போய்க்கொண்டே இதை எத்தனை நாள் இழுக்க முடியும்? நாலு நாள் ஓடும். அப்புறம் உடம்பு கெஞ்சும். போனை எடுத்து புரோட்டாவும் சால்னாவும் சொல்லிவிடுவார்கள். அதற்கடுத்த வாரம் அதுவே பழக்கமாகிவிடும்.

இதற்கு வழி நம்ம பக்கத்துச் சமையலிலேயே இருக்கிறது. கூட்டாஞ்சோறு ஒரே பானை வேலை. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கைப்பிடி முருங்கைக்கீரை, கொஞ்சம் புளித்தண்ணி, தேங்காயும் சீரகமும் மிளகாய் வத்தலும் அரைத்த விழுது. பருப்பும் காயும் கீரையும் அதிலேயே வந்துவிடுவதால் தனியாக வெஞ்சனம் தேட வேண்டாம். உளுந்தஞ்சோறும் அப்படித்தான். தொலி உளுந்து, அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ எல்லாம் குக்கரில் ஒன்றாக வெந்துவிடும். எள்ளுத் துவையல் அரைத்தால் சாப்பாடு முடிந்தது. வாரத்தில் இரண்டு நாள் இப்படி வைத்துக்கொண்டால் மற்ற நாள்களில் சமைக்கத் தெம்பு மிஞ்சும்.

காய் வாங்குவதிலும் இதே ஆசை வேலை செய்கிறது. மகாராஜநகர் உழவர் சந்தையிலோ பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலோ பசுமையாகப் பார்த்ததும் பை நிறைய அள்ளிவந்து, வெள்ளிக்கிழமை பாதியைக் குப்பையில் போடுவது. கீரையும் வெள்ளரியும் முதல் இரண்டு நாளில் தீர வேண்டும். அப்புறம் வெண்டை, அவரை, பீன்ஸ். சேனை, சேம்பு, பூசணி கடைசிக்கு நிற்கும். இந்த வரிசையை மனதில் வைத்து வாங்கினாலே போதும்.

சோற்றை அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுவது

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். கெட்டுப்போன கறியை மோந்து பார்த்தே ஒதுக்கிவிடுவோம். சோற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அவை வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு ஆறி, வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலை ஏழு மணிக்கு வடித்த சோறு ராத்திரி எட்டு மணிக்கும் அதே பானையில், அதே கரண்டியோடு கிடந்தால், "நல்லா சுடவச்சுத்தானே போட்டேன்" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான கணக்கு. பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலுக்கு எந்த அடுப்படி 32 டிகிரிக்குள் இருக்கிறது? மிஞ்சும் என்று தெரிந்தால் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பானையோடு உள்ளே தள்ளினால் நடுச்சோறு நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

அப்படியானால் பழைய சோறு? அது வேறு முறை. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறோம். லாக்டிக் அமிலப் பாக்டீரியா பெருகி மெல்லப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை எளிதில் வளர விடாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், "ஏட்டி, சோத்துல தண்ணி ஊத்திட்டியா?" என்று அத்தையோ ஆச்சியோ உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பார்களே, அந்தக் கேள்வியில் நேரம்தான் முக்கியம். ராத்திரி வடித்த சோற்றில், ஆறின கையோடு, சுத்தமான தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையிலிருந்து மேடையில் கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. ஏற்கெனவே உண்டான நஞ்சைத் தண்ணீர் எடுத்துவிடாது. காலையில் மூடியைத் திறந்தால் இளம்புளிப்பு வாடை வர வேண்டும், பருக்கை தனித்தனியாக இருக்க வேண்டும். நொளநொளவென்று நூல் விட்டால், ஊசின வாடை அடித்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கோடையில் விடிந்ததும் குடித்துவிடுவதுதான் சரி, பதினோரு மணி வரை வைத்திருக்க வேண்டாம்.

தேங்காய் சேர்ந்த எதுவும் சீக்கிரம் கெடும். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, இஞ்சி பச்சைமிளகாய் விழுது கொதித்து, கடைசியில்தான் கெட்டியான முதல் பாலை ஊற்றுகிறோம். லேசாக நுரை கூடும்போதே இறக்கி, ஆறினதும் எலுமிச்சம்பழம் பிழிகிறோம். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். ஆகவே மிஞ்சின சொதியைத் தளதளவெனக் கொதிக்கவைத்துப் பத்திரப்படுத்த வழியில்லை. மறுவீட்டுப் பந்தியில் நூறு பேர் ஒரே நேரத்தில் உட்காருவதால் அங்கே இந்தச் சிக்கல் வராது. வீட்டில் ஒருவர் ஒரு மணிக்கும் இன்னொருவர் மூன்று மணிக்கும் சாப்பிடுவதாக இருந்தால், முதல் பால் ஊற்றும் முன்பே பிந்தி வருகிறவருக்கான பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். எடுத்து வைத்த முதல் பாலை ஃப்ரிட்ஜில் வைத்து, அவர் வந்ததும் காயைக் கொதிக்கவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுண்டக்கறிக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். பொங்கலுக்கு மறுநாள் அவியல், சாம்பார், பொரியல் எல்லாம் ஒன்றாகச் சுண்டிக் கிடக்கும் ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் பொங்கலன்று ராத்திரியே கொதித்து இறங்கி, ஆறினதும் ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும், காலையில் மறுபடி நன்றாகச் சுண்ட வேண்டும். ராத்திரி முழுக்க வெளியில் சும்மா வைத்துவிட்டு விடிந்து கொதிக்கவைப்பது சரியில்லை.

சுட்ட எண்ணெயைச் சேர்த்து வைப்பது

கடைக்காரர் கருத்த எண்ணெயில் வடை போட்டால் முகம் சுளிக்கிறோம். வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றி வைத்து, அதன்மேலேயே புது எண்ணெயை விட்டு அடுத்த வாரம் மீன் பொரிக்கிறோம். வணிகச் சமையலில் எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகிக் கெடும்போது அதில் உண்டாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க யாரும் வரப்போவதில்லை. நம் கண்தான் அளவு. சூடானதும் சீக்கிரமே புகைந்தால், நுரை அடங்காமல் நின்றால், நிறம் கருத்துக் கையில் பிசுபிசுத்தால், அந்த எண்ணெயின் ஆயுசு முடிந்தது. பொரிக்கும்போதே சின்னச் சட்டியில் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிஞ்சினதை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள்.

பொரித்த வடையைச் செய்தித்தாளில் போட்டு எண்ணெயை உறிஞ்சவிடுவதும் வேண்டாம். அச்சு மை சூட்டோடு சூடாக வடையில் ஏறும். சல்லடையில் வடியவிட்டாலே போதும்.

உப்பு ஒவ்வொரு பாத்திரத்திலும் சரியாக இருக்கிறது, தட்டில்தான் கூடிப்போகிறது

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் கரண்டியில் ஒரு கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் வருகிறது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். ஐம்பது நாளைக்கு முன்பே காலியானால் எங்கோ கை தாராளமாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பாக்கெட்டுக்கு வெளியே வருகிற உப்பு தனி. கல்லிடைக்குறிச்சி அப்பளம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வத்தல், ஊறுகாய், உவரிப் பக்கத்துக் கருவாடு, இட்லிப்பொடி என்று நம் வெஞ்சனங்களில் பாதி உப்பிலேயே ஊறினவை. இதில் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு வேளைக்கு ஒன்று போதும். அப்பளம் இருக்கும் அன்று ஊறுகாய் வேண்டாம். கருவாட்டுக் குழம்புக்கு முதலில் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, ருசி பார்த்து, பிறகு சேர்க்கலாம்.

சோற்று மலையும் காய்த் துளியும்

தட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று கரண்டி சோறு, ஓரத்தில் இரண்டு விரலளவு பொரியல். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைய ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்து ஏ.எஸ்.டி. 16 போன்ற நல்ல அரிசி விளைகிற தாமிரபரணிக் கரையில் சோற்றைக் குறை என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியாது. சோற்றுக்கு முன்னால் காயைப் பரிமாறுங்கள். அவியலைத் தொட்டுக்கொள்ளவென்று வைக்காமல் ஒரு கிண்ணம் வையுங்கள். பருப்போ பயறோ முட்டையோ மீனோ, ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

காயை நறுக்கின பிறகு தண்ணீரில் ஊறவிடாதீர்கள், சத்து தண்ணீரோடு போய்விடும். கழுவிவிட்டு நறுக்குங்கள்.

சமைக்கிறவர் கடைசியில் சாப்பிடுவது

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில், மடியில் முறத்தோடு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு அதே பெண்தான் எழுந்து உலை வைக்கிறாள். எல்லாருக்கும் சுடச்சுடப் போட்டுவிட்டு, அடிப்பிடித்த சோறும் காயில்லாத குழம்பும்தான் அவள் தட்டுக்கு வரும். ஆபீஸ் போகிற வீடுகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மீன் துண்டும் கீரையும் முட்டையும் தன் தட்டுக்கு வராமலே அவள் நாள்தோறும் சமைத்தால், வீட்டுச் சமையலால் யாருக்கு லாபம்?

பரிமாறும் முன்பே சமைத்தவருக்கு ஒரு பங்கை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள், சட்டியை நடுவில் வைத்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் போகட்டும். முருங்கைக்கீரைப் பொரியல் செய்யும் அன்று கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அது சேர உதவும்.

வேலையைப் பிரிப்பதில் ஆண்பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. "அவனுக்கு என்ன தெரியும், பாவம், படிக்கட்டும்" என்று பத்தாவது முடிகிறவரை அடுப்படிக்கே விடாமல் வளர்த்து, அப்புறம் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு அனுப்புகிறோம். அங்கே அவன் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருகிறான். தேங்காய் துருவுவது, வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்து, பன்னிரண்டு வயதுக்குள் சோறு வைக்கவும், பதினைந்துக்குள் ஒரு பருப்புக்குழம்பும் ஒரு பொரியலும் செய்யவும் பிள்ளைகளுக்கு வந்துவிட வேண்டும்.

வெளிச்சாப்பாட்டை அறவே தடுப்பதும் நல்லதல்ல. செங்கோட்டைப் பக்கம் போனால் பார்டர் புரோட்டா சாப்பிடலாம், டவுணுக்குப் போனால் அல்வா வாங்கலாம். முன்பே சொல்லிவைத்துக் குடும்பத்தோடு போய், இலை போட்டுச் சூடாகச் சாப்பிட்டு வந்தால் பிள்ளைகள் ஒளித்து வாங்கித் தின்ன மாட்டார்கள். அன்றைக்குக் காலையும் ராத்திரியும் வீட்டில் இட்லி, கஞ்சி என்று லேசாக வைத்துக்கொள்ளலாம்.