ஃபீமேலுக்குள் மேல் இல்லை: சொல் வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டியவை

சொற்பிறப்பு பற்றி எழுதிப் பழகுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துப்பிழையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கே சொல்வது நானே விழுந்து எழுந்த குழிகள்.

சொல்லைக் கண்ணால் வெட்டுவது

'ஃபீமேல் (female) என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே மேல் (male, ஆண்) இருக்கிறது, பெண்ணை ஆணிலிருந்துதான் செய்திருக்கிறார்கள்.' இந்த வரி எப்படியும் வந்துவிடும். படித்ததும் எரிச்சல் வரும். ஏனென்றால் ஒரு மகளிர் தின மலரில் இதையே நானும் எழுதினேன். அதை வைத்து ஒரு கல்லூரியில் பட்டிமன்றமே நடத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு அஞ்சலட்டை வந்தது, மூன்றே சொல்: "அகராதியைப் புரட்டவே இல்லையா?"

புரட்டவில்லைதான். இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லத்தீனில் பெண் ஃபெமினா. ஃபெமினின் (feminine) அதன் வழி வந்தது. 'சின்னப் பெண்' என்ற செல்ல வடிவம் ஃபெமெல்லா, பழைய பிரெஞ்சில் ஃபெமெல் ஆகி, 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. 'மேல்' என்ற சொல் வந்தது மாஸ்குலுஸ் என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து. இரண்டும் ஜோடியாகவே புழங்கியதால் ஃபெமெலின் வாலையும் மேல் போலவே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இதைப் பண்டிதச் சண்டை என்று ஒதுக்க முடியாது. 1480-களில் ஹைன்ரிக் கிராமர் என்ற துறவி சூனியக்காரிகளை வேட்டையாட எழுதிய கையேடு 'மல்லேயுஸ் மலேஃபிகாரும்'. அது ஃபெமினாவை 'ஃபெ' என்றால் விசுவாசம், 'மினுஸ்' என்றால் குறைவு என்று இரண்டாக வெட்டியது. பெண் ஏன் சாத்தான் பக்கம் சாய்கிறாள் என்பதற்கு அந்த வெட்டும் ஒரு சான்றாம்!

வுமனுக்குள் கருப்பையைத் தேடுவது

வுமன் (woman) என்பது 'வூம்ப்-மேன்' அல்ல; வூம்ப் என்றால் கருப்பை. பழைய ஆங்கிலத்தில் விஃப்மன்: விஃப் பெண், மன் மனிதர். பன்மையை இன்றும் 'விமின்' என்று உச்சரிக்கிறோமே, அந்தப் பழைய இகரம் அங்கே தங்கிவிட்டது.

இன்றைய பொருளை அன்றைக்கு ஏற்றுவது

1300 வாக்கில் ஆங்கிலத்தில் கேர்ள் (girl) என்றால் பையனும்தான்; ஆணோ பெண்ணோ, குழந்தை என்பதே பொருள்.

ஒலியை நம்புவது

ஃபெமினாவின் வேருக்குப் பால் குடிப்பது, பாலூட்டுவது என்று பொருள். காமதேனுவில் உள்ள தேனு, அதாவது கறவைப் பசு, சமஸ்கிருதத்தில் அதே வேரிலிருந்து வந்தது. சரி, இதை வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரமே ஒருவர் தேனுவைத் தேனோடு முடிச்சுப் போட்டு மூன்று பக்கம் எழுதிவந்தார். 'பசு பால் கொடுக்கும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.